உளுந்துக்கு நடுவே மூன்று சக்கரம்

எங்கள் ஊரில் சைக்கிள் சங்கம் தொடங்கியபோது பதினொரு ஆண்களும் நானும் சேர்ந்தோம். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சக்கரம், எனக்கு மூன்று. நியாயமாகப் பார்த்தால் நான்தான் பெரிய உறுப்பினர். ஆனால் சங்கம் அச்சடித்த நோட்டீஸில் மூன்று நோக்கங்கள் போட்டிருந்தார்கள்: உடல்நலம் பேணுதல், சாலைப் பாதுகாப்பு, ஊனமுற்றோர் சேவை. முதல் கூட்டத்தில் அதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் உறுப்பினர் இல்லை, மூன்றாவது நோக்கம்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் பாகூருக்கு மேற்கே நாலு மைல், கரையாம்புத்தூர் போகிற சாலையில் இருக்கிறது. எனக்கு இருபத்து மூன்று வயது. நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போயின. இப்போது என்னை மாற்றுத்திறனாளி என்கிறார்கள். அன்றைக்கு மேடையில் ஊனமுற்றவள், தெருவில் நொண்டி. அரசாங்கம் புதுச்சேரியில் ஒரு விழா வைத்து எனக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்திருந்தது. உட்கார ஒரு இருக்கை, மார்புக்கு நேரே கையால் சுற்றும் பிடி, அதிலிருந்து செயின் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும். மற்றவர்கள் காலால் மிதிப்பதை நான் கையால் மிதிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இது எனக்குப் புரிந்தது, அந்தச் செயினுக்குப் புரிந்தது, சங்கத்துக்கு மட்டும் புரியவே இல்லை.

சங்கத்தின் தலைவர் கரும்பும் நெல்லும் நிறைய வைத்திருந்த விவசாயி. எனக்குத் தூரத்து மாமா முறை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமா, மீதிப் பேருக்குப் பெரியப்பா. தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் பத்தாவது பாஸ் செய்தபோதும் பாப்பா, தட்டச்சில் தேறியபோதும் பாப்பா. செயலாளர் ஊர்முனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். எழுத்து அழகாக இருக்கும் என்பதற்காக அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். வாய் திறந்து ஏதாவது சொல்லுவார் என்று தெரிந்திருந்தால் ஆக்கியிருக்க மாட்டார்கள்.

தொடக்க விழாவில் எனக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். சாமந்தி எனக்கு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வந்துவிடும். தலைவர் என் பரிதாப நிலையைப் பற்றிப் பேசிய அரை மணி நேரமும் நான் தும்மிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "பாருங்க, பாப்பா எப்பிடிக் கலங்குதுன்னு" என்று கூட்டத்துக்குக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கம் உடல்நலம் பேணக் கிளம்பும். பேணுவது என்றால், காலையில் கரையாம்புத்தூர் எல்லைவரை மிதித்துப் போய், அங்கே டீக்கடையில் ஆளுக்கு நாலு வடை தின்று, மத்தியானத்துக்குள் திரும்பி வருவது. மூன்று மாதத்தில் இரண்டு பேருக்குத் தொப்பை வந்தது. கிளம்பும்போது பச்சைக் கொடி ஆட்டுவது என் வேலை. ஆட்டுவேன், பதினொரு சைக்கிளும் போகும், புழுதி அடங்கும், கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வேன்.

"மாமா, நானும் வரேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீயா? அவ்ளோ தூரமா? உனக்கு இன்னாத்துக்குப் பாப்பா கஷ்டம்? நீ கொடிய ஆட்டு. அதாம் முக்கியம்."

முக்கியமான வேலையை முடித்துவிட்டு, அவர்கள் மேற்கே போன பிறகு நான் கிழக்கே பாகூர் பக்கம் வண்டியைத் திருப்புவேன். முதல் ஞாயிறு ஒரு மைல் போனேன். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு, மூன்று என்று ஏறி, தை பிறப்பதற்குள் நாலு மைலும் போய்ப் பாகூர் கடைத்தெருவில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். உள்ளங்கை காய்த்துப்போனது. சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

காணும் பொங்கலன்று சங்கம் விளையாட்டுப் போட்டி நடத்தியது. வேகமாக ஓட்டும் போட்டியில் என்னைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், வண்டி கவிழ்ந்துவிடுமாம். மெதுவாக ஓட்டும் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். கால் தரையில் பட்டால் அவுட். கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்கு முதல் பரிசு, எவர்சில்வர் குடம். மூன்று சக்கரம் இருந்தால் விழமாட்டோம் என்பதை யோசிக்காமல் சேர்த்துவிட்டார்கள். விசில் ஊதினார்கள். நான் கிளம்பவே இல்லை. மடியில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, இருந்தது, உரித்துத் தின்றுகொண்டு நின்ற இடத்திலேயே இருந்தேன். மற்றவர்கள் ஹேண்டில்பாரை ஒடித்து ஒடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். சிலர் கால் ஊன்றினார்கள், சிலர் விழுந்தார்கள், மீதிப் பேர் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் ஒரு கை மல்லாட்டை பாக்கி இருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்து, பாப்பாவுக்குச் சிறப்புப் பரிசு என்று அறிவித்தார். ஒரு சோப்பு டப்பா.

"மொதல் பரிசு எனக்குத்தான மாமா?"

"நீ அசையவே இல்லியே பாப்பா."

"போட்டியே அதான?"

குடம் அவருடைய மச்சான் வீட்டுக்குப் போனது. சோப்பு டப்பாவில் நான் செயினுக்குப் போடும் கிரீஸை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது இரண்டாவது நோக்கம், சாலைப் பாதுகாப்பு. எங்கள் சாலை ஒரே சாலைதான், ஆனால் அது எங்கள் சாலை மட்டும் இல்லை. புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் எங்கள் பக்கத்தில் கழனிக்குக் கழனி மாறிக்கொண்டே இருக்கும். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கெட்ட வளைவு இருந்தது. அங்கே 'மெதுவாகச் செல்லவும்' பலகை வேண்டும் என்று சங்கம் மனுப் போட்டது. ஊராட்சி வேலையைப் பார்க்கும் கொம்யூன் ஆபீஸைத் தலைவர் இன்னும் பிரெஞ்சில் மேரி என்றுதான் சொல்வார், பிரெஞ்சுக்காரன் போனது அவருக்கு முழுசாகத் தெரியாது. மேரிக்கு மூன்று முறை நடந்தார். கடைசியில் பலகை வந்தது. வளைவு தமிழ்நாட்டில் இருந்ததால் அங்கே நட முடியாதாம், வளைவு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். வளைவில் உயிர் பிழைத்து வந்தவர்கள் அதைப் படிக்கலாம். சங்கம் அதற்கும் ஒரு திறப்பு விழா வைத்தது. எனக்கு மறுபடியும் சாமந்தி.

அதோடு விடவில்லை. காலையில் மேற்கேயிருந்து பாகூருக்குப் போகும் பஸ் காற்றாய்ப் பறக்கும். ஒருநாள் சங்கம் திரண்டு அதை ஊர் நடுவில் நிறுத்தியது. தலைவர் டிரைவர் பக்கம் ஏறி நின்றுகொண்டு, "இது பொம்பளைங்க, புள்ளைங்க, ஊனமுற்றவங்க நடமாடுற ரோடு. மெதுவாத்தான் போவணும்" என்றார். ஊனமுற்றவர்கள் என்னும் இடத்தில் என் பக்கம் கையைக் காட்டினார். சாட்சிக்காக என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் நல்ல மனிதர், தலையாட்டினார். சொன்ன சொல்லை மாற்றாமல் மறுநாளிலிருந்து எங்கள் சாலையில் மெதுவாகப் போனார். அதுதான் அவர் செய்த தப்பு.

பங்குனி பிறந்தது. சம்பா அறுத்த கழனியில் விதைத்த உளுந்து காய்ந்து அறுவடைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் உளுந்தைக் களத்தில் போட்டு அடிப்பதில்லை. தார்ச் சாலை இருக்க, களம் எதற்கு? செடியை அப்படியே பிடுங்கிவந்து சாலையில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போய்க் காயை வெடிக்க வைக்கும். கூலி கிடையாது, மாடு கிடையாது. செடி சிதறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். சங்கத்தின் பதினொரு பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் உளுந்து எடுத்தார்கள். அதிகமாகப் பரப்பியது தலைவர்.

டிரைவர் சங்கத்தின் சொல்லை மதித்து உளுந்தை விட்டு ஒதுங்கி ஓரமாக ஊர்ந்து போனார். தலைவருக்கு வந்ததே கோபம். தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு சாலையோரம் ஓடினார்.

"யோவ், இன்னாய்யா ஊர்கோலம் போற? நடுவுல ஏத்து! வேகமா ஏத்து! அப்பத்தான காய் வெடிக்கும்!"

மளிகைக்கடை வாசலில் நின்ற பாய் கேட்டார். "தலைவரே, போன மாசம் நாமதான மெதுவாப் போவச் சொன்னோம்?"

"அது வேற பாய். அது ரோடு. இது களம்."

இரண்டு நாளில் டிரைவருக்குப் பழகிவிட்டது. வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சிவப்புத் துண்டு ஆடினால் நடுவில் ஏற்றி வேகமாக மிதிப்பார். ஊரெல்லாம் சிவப்பைக் கண்டால் வண்டி நிற்கும், எங்கள் சாலையில் பறக்கும். இப்படி ஒரு விதியைச் சாலைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவரே ஏற்படுத்தி வைத்தார்.

அந்தப் பங்குனியில்தான் எனக்கு அந்த வேலை வந்தது. பாகூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் இடம் காலி. விண்ணப்பம் போட்டேன், நேரில் வரச் சொன்னார்கள். போனேன். தலைமையாசிரியர் என் சான்றிதழ்களையெல்லாம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா ஒம்போது மணிக்கு பெல் அடிக்கும்போது நீ சீட்ல இருக்கணும். யாராவது தள்ளிக்கினு வந்து வுட்டாத்தான் வருவேன்னா, அந்த ஆளு வராத நாளு இன்னா பண்றது? இன்னொருத்தரும் காத்துக்கினு இருக்காரு."

கேட்ட முறை எனக்குப் பிடித்தது. பாவம் என்று சொல்லாமல் மணி என்ன என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"தனியா வருவேன் சார். நீங்க வர்ற பஸ்ஸு எங்க ஊரு வழியாத்தான் வருது. ஜன்னல்ல பாத்துக்கினே வாங்க, நான் ரோட்டுல இருப்பேன்."

"சரி. திங்கக்கிழமை ஒம்போது. வந்துட்டா சேர்ந்துக்கோ. வரலன்னா அவருக்குக் குடுத்துடுவேன், வருத்தப்படக்கூடாது."

அந்த வேலை எனக்கு வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருஷம் அம்மா என்னைத் தூக்கி இறக்கியிருக்கிறாள். அவள் கழனிக்குப் போய்த் திரும்பும்வரை கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, என் கையெழுத்துக்கென்று ஒரு வருகைப் பதிவேடு, அதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. நாலு மைலுக்கு எனக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் பிடிக்கும். ஏழரைக்குக் கிளம்பினால் அரை மணி நேரம் கையிலிருக்கும். பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேரே தலைவரிடம் போனேன்.

"மாமா, திங்கக்கிழமை காலைல ரோட்டுல உளுந்து போடாதீங்க. செடி செயின்ல மாட்டிக்கும்."

"சொல்லணுமா பாப்பா? உன் வழியில ஒரு செடி கெடந்தா என்னைக் கேளு. அதோட உன்னைத் தனியா வுட்டுடுவோமா? சங்கமே கூட வரும்."

"தனியாத்தான் மாமா வரச் சொன்னாரு."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் போட்டோகிராபருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே தயாராகி வாசலில் இருந்தேன். புதுப்புடவை, மடியில் சாப்பாட்டுத் தூக்கு. ஏழரைக்குச் சங்கத்தில் பாதிப் பேர் வந்தார்கள். மாலை வரவேண்டும் என்றார்கள். மாலை வந்தது, சாமந்திதான். போட்டோகிராபர் பெட்டியைத் திறந்து பிலிம் மாட்ட ஆரம்பித்தார். "கெளம்பறேன் மாமா" என்றேன். "ஒரே ஒரு படம் பாப்பா" என்றார். ஒரே ஒரு படத்தை நாலு விதமாக எடுத்து முடித்தபோது மணி எட்டாகப் பத்து. கையிலிருந்த அரை மணி நேரத்தில் இருபது நிமிஷத்தைச் சேவை தின்றுவிட்டது.

பதினொரு சைக்கிளும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு மணி அடித்தபடி வந்தன. முன்னால் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை, தலைவரின் முதுகும் சிவப்புத் துண்டும்தான் தெரிந்தன. சரியாகப் பாதி வழியில் அந்த முதுகு நின்றது.

சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உளுந்துச் செடி. ஒரு பர்லாங் நீளம், முழங்கால் உயரம், இரண்டு பக்கமும் கல் வரிசை. இடதுபக்கம் வாய்க்கால், வலதுபக்கம் முள்வேலி. யாருடைய உளுந்து என்று கேட்கத் தேவையில்லை. தலைவரின் முகமே சொன்னது.

"ஐய, இன்னாடா இது" என்றார். "திங்கக்கிழமை சங்க வேலை இருக்குது, நான் வரமாட்டேன், எல்லா வேலையும் நீங்களே பாத்துக்கங்கன்னு ஆளுங்ககிட்ட சொன்னேன். பாத்துக்கினானுங்க போல."

எனக்கு வழி செய்யப் போகிறோம் என்ற மும்முரத்தில் வழியை அடைத்துவிட்டார். மற்றவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பிறகுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் கவலப்படாத பாப்பா" என்றார் தலைவர். "நாலு பேர் சேந்து உன்னை வண்டியோட தூக்கிடறோம்."

"என்னைத் தூக்காதீங்க. உளுந்தத் தூக்குங்க."

"காஞ்ச செடி பாப்பா. தூக்குனா எல்லாம் கொட்டிப்பூடும்."

"எனக்கு வேலை கொட்டிப்பூடும் மாமா!"

கத்திவிட்டேன். எங்கள் ஊரில் அவரிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. மற்ற ஒன்பது பேரும் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி வானத்தைப் பார்த்தார்கள். பாய் மட்டும் தன் சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கல்லை உருட்டி ஒதுக்கினார். பிறகு குனிந்து செடியை வாரி ஓரத்தில் போட ஆரம்பித்தார். ஒருத்தர் வாரினால் ஒரு பர்லாங் எப்போது முடியும்? எனக்குப் பொறுமை போய்விட்டது. மாலையைக் கழற்றி வீசிவிட்டு வண்டியை உளுந்துக்குள் விட்டேன்.

இருபது கஜம் போயிருப்பேன். செடி செயினில் சுற்றியது. பிடியை இன்னும் அழுத்திச் சுற்றினேன், இன்னும் இறுகியது. அப்புறம் டக்கென்று செயின் கழன்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது.

காலை பஸ். தலைவர் துள்ளி ஓடினார். பஸ்ஸை நிறுத்தத்தான் ஓடினார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை தோளுக்குப் போய்த் துண்டை உருவியது. உருவி, தலைக்கு மேல் சுழற்றி, "நில்லு, நில்லு" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கத்தல் யாருக்குக் கேட்கும்? டிரைவர் துண்டைப் பார்த்தார். ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மறக்கவில்லை. வேகமாக நடுவில் ஏற்றினார்.

பயந்துபோனேன், பொய் சொல்லமாட்டேன். எழுந்து ஓடுகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியாது. பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் கிறீச்சிட்டது. காய்ந்த உளுந்தில் சக்கரம் வழுக்கிக்கொண்டு வருகிற சத்தம் நெருங்கி, நெருங்கி, என்னைத் தாண்டி இடதுபக்கம் போய் நின்றது. கண்ணைத் திறந்தபோது பஸ்ஸின் முன்சக்கரம் வாய்க்காலுக்குள் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. டிரைவர் இறங்கி நேரே தலைவரிடம் வந்தார்.

"இன்னா சார் நீங்க? துண்ட ஆட்டுனா ஏத்தச் சொல்றீங்கன்னுதான அர்த்தம்? ஒரு வாரமா நீங்கதான சார் சொன்னீங்க!"

தலைவர் துண்டைப் பார்த்தார். துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மேடையில்லாமலும் பேசாமலும் நின்றதைப் பார்த்தேன்.

பயணிகளோடு தலைமையாசிரியரும் இறங்கினார், கையில் குடை, கண்ணாடி கோணலாக. சாலையில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன், இருந்தேன். நான் குனிந்து செயினிலிருந்து செடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். செயினை நானே மாட்டினேன். உள்ளங்கையெல்லாம் கறுப்பு கிரீஸ்.

"இன்னிக்கி நேரமானா பரவாயில்லம்மா" என்றார் தலைமையாசிரியர். "நானே லேட்டாத்தான் வருவேன் போலிருக்குது."

"ஒம்போதுன்னீங்க சார்."

அதற்குள் பயணிகள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸைத் தூக்க இடம் வேண்டும் என்று திட்டிக்கொண்டே உளுந்தை வாரி வாரி வாய்க்காலில் போட்டார்கள். தலைவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அரை நாள் வேலை அஞ்சு நிமிஷத்தில் முடிந்து தார் தெரிந்தது. டிரைவர் சங்கத்தின் பதினொரு பேரையும் பஸ்ஸைத் தள்ள இழுத்துக்கொண்டார். எனக்குக் கூட வர ஆளில்லை. தனியாகக் கிளம்பினேன்.

அந்த இரண்டு மைலை எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. தோள் எரிந்ததும், அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூட வாசலுக்கு மூன்று படி. வண்டியிலிருந்து இறங்கி, வீட்டில் செய்கிற மாதிரி கையை ஊன்றி ஏறினேன். புதுப்புடவை மண்ணாகிவிட்டது. பியூன் பெல்லை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு, "யாரும்மா நீ?" என்றார். "கிளார்க்கு" என்றேன். அவர் பெல்லை அடித்து முடிக்கும்போது நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியர் ஒன்பது இருபதுக்கு வந்தார், பாயின் சைக்கிள் கேரியரில். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பியூனைப் பார்த்தார். பியூன் தலையாட்டினார். தாமதமாக வந்தவர் அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை. வேலைக்குச் சேரும் நாளில் எதைச் சொல்லக்கூடாது என்கிற புத்தி எனக்கு இருந்தது. பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் கிரீஸ் பட்டு என் கட்டைவிரலும் கறுப்பாகப் பதிந்தது.

அந்த வருஷச் சங்க அறிக்கையில், ஊனமுற்ற பெண் ஒருவரைச் சங்கம் பாதுகாப்பாகப் பணியிடத்துக்கு அழைத்துச் சென்றதாக எழுதியிருந்தது. தலைவர் சொல்லச் சொல்லப் பாய் எழுதியது. கூட்டத்தில் அதைப் படித்தபோது பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சத்தமாகத் தும்மினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அதே இடத்தில் மறுபடியும் உளுந்து பரப்பியிருந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் நடுவில் ஒரு வழி விட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கல். வண்டியை உள்ளே விட்டேன். என்னைக் கேட்காமல் அளந்திருக்கிறார்கள், ஒரு சாண் குறைவு. ஒரு சக்கரத்தை உளுந்தின் மேலேயே ஏற்றி ஓட்டிக்கொண்டு போனேன். மெதுவாகவும் போனேன். புதன்கிழமை வழி இன்னும் இரண்டு சாண் அகலமாகியிருந்தது. அந்தப் பங்குனி முழுக்க ஊரில் சைக்கிள்காரர்கள், பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வழியில்தான் போனார்கள். நடுவில் கல் இருப்பதால் பஸ்ஸும் மெதுவாகத்தான் போயிற்று. எங்கள் சங்கம் சாலைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதற்கு விழா எதுவும் வைக்கவில்லை.

தலைவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. பாப்பா என்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் சாலையில் வருவது தெரிந்தால் போதும், தோளிலிருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். கை தானாகத் துண்டுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டுவது தன்னைவிடப் பெரியவர் எதிரே வரும்போதுதான். ஊர் அதைப் பார்த்தது. காரணத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேலையில் இருந்த வருஷங்கள் முழுக்க, தினமும் காலையில் அவர் கழனியோரத்தில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி முடிக்கும்வரை, கொஞ்சம் மெதுவாகவே என் பிடியைச் சுற்றினேன்.